ஒரு வாய் மட்டும்

ஓனர் இருந்தார். அவருடைய பிரவுசிங் சென்டர். மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், பாத்திரக்கடைக்கு மேலே, முதல் மாடி.

பஞ்சு மாமா இருந்தார். ஜன்னல் ஓர சீட்டு. முழங்கால் இரண்டுக்கும் நடுவே பிளாஸ்க்.

ஸ்டெல்லா மிஸ் இருந்தார். சாந்தோமில் டைப்ரைட்டிங் சொல்லித் தருபவர். சர்ச்சில் பூசை முடிந்து நேராக வந்திருந்தார்.

சலீம் இருந்தார். ராயப்பேட்டையில் மோட்டார் உதிரிபாகம் விற்பவர்.

தாமு இருந்தான். தி.நகர் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுபவன். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு கிடையாது. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

அடையாறு லைனில் இருந்தார். அவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. முகமும் தெரியாது. அடையாறிலிருந்து போன் லைனில் வருவார். அதனால் அடையாறு.

நான் இருந்தேன். கேபிள் டிவிக்கு ஒயர் இழுப்பவன். என்னை எல்லோரும் கேபிள் என்பார்கள்.

ஓனர் எங்களைக் கூப்பிட்டது ஒரு காரியத்துக்காக. அவர் எழுதிய கம்ப்யூட்டர் ஆட்டத்தில் வைத்தியன் தொழிலுக்கு ஒரு புதுக் கிளை சேர்த்திருந்தார். அது எப்படி இருக்கிறது என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

"மனசுல பட்டத சொல்லுங்கபா. தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றார்.

சொன்னோம். அதற்கு முன்னால் அந்த மனிதரைச் சொல்ல வேண்டும். அவரைத் தெரியாவிட்டால் அந்தக் கிளை விளங்காது.

அவர் தனக்கென்று டீ சொல்லி நான் பார்த்ததில்லை. கஞ்சன் என்று நினைக்க வேண்டாம். எல்லோருக்கும் டீ சொல்வார், அவரே காசு கொடுப்பார். தனக்கு மட்டும் சொல்ல மாட்டார். டீ வந்ததும் வரிசையாக வருவார்.

"ஒரு வாய் குடுப்பா."

கிளாஸை வாங்குவார். கட்டை விரல் உள்ளே முங்கியிருக்கும். உதட்டை நன்றாகப் பதித்து ஒரு உறிஞ்சு. ஒரே ஒரு வாய்தான். திருப்பித் தந்துவிடுவார். பிறகு அடுத்த ஆள். கடைசி ஆளிடம் வரும்போது அவர் ஒரு முழு டீ குடித்திருப்பார். நம் கையில் எச்சில் டீ இருக்கும்.

ஒரு நாள் அவருக்கென்று தனியாக ஒரு டீ வாங்கிக் கையில் கொடுத்தேன். வாங்கி ஸ்டூல் மேல் வைத்தார். பேசிக்கொண்டே இருந்தார். டீயில் ஆடை கட்டியது. ஈ வந்து உட்கார்ந்தது. அவர் என் கிளாஸைப் பார்த்தார்.

"ஒரு வாய்."

"உன் டீ அங்க கீது ஓனர்."

"அது கெடக்கட்டும்பா. உன்துல ஒரு வாய்."

கொடுத்தேன். ஸ்டூலில் இருந்ததை அவர் கடைசிவரை தொடவில்லை. கடைக்காரர் ஈயோடு சேர்த்துக் கொட்டினார்.

டீ மட்டும் இல்லை. சலீம் சிகரெட்டில் ஒரு இழுப்பு. திருப்பித் தரும்போது ஃபில்டர் ஈரமாக இருக்கும். தாமு பஜ்ஜியில் ஒரு கடி. பேப்பர் படிப்பவன் கையிலிருந்து நடுத்தாள். தாமுவின் கைக்குட்டையை அவன் பாக்கெட்டிலிருந்தே உருவுவார். கழுத்தைத் துடைப்பார், அக்குள் வரை போவார், மடித்துத் திரும்ப அவன் பாக்கெட்டிலேயே வைப்பார். தட்டியும் விடுவார். நான் பாக்கெட்டில் சீப்பு வைத்துக்கொள்வதை விட்டதே அவரால்தான்.

சென்டர் சுவர்க் கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடும். ஒரு மணி நேரம் என்று உட்கார்ந்தவன் அதற்கு முன்னாலேயே எழுந்திருப்பான். தாமு ஒரு தடவை கேட்டான்.

"அஞ்சு நிமிஷம்பா" என்றார் ஓனர். "உன் அஞ்சு நிமிஷத்த வச்சு நான் மாடி மேல மாடி கட்டப்போறனா?"

அஞ்சு நிமிஷத்துக்குச் சண்டை போடுகிறவன் அல்பன் ஆகிவிடுவான். அதுதான் அவர் பலம். அவர் எடுத்ததெல்லாம், கேட்டால் நாம் சின்னவன் ஆகிவிடுகிற அளவுதான்.

நல்லதையும் சொல்ல வேண்டும். லஸ் பக்கம் ஒரு மொட்டை மாடியிலிருந்து நான் விழுந்து கால் உடைந்து கிடந்தபோது முதலில் பார்க்க வந்தவர் அவர்தான். பை நிறையக் கமலா ஆரஞ்சு. கட்டில் ஓரம் உட்கார்ந்து அவரே உரித்தார். ஒவ்வொரு பழத்திலும் ஒரு சுளையைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மீதியை என் தட்டில் வைத்தார். இரண்டு பழத்தை முழுசாகத் தின்றிருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. தட்டு நிறைய, எல்லாப் பழமும் ஒவ்வொரு சுளை குறைந்து, பல் விழுந்த வாய் மாதிரி கிடந்தது. எனக்கு இறங்கவில்லை. ஆனால் வந்தார். என் சொந்த அண்ணன் வரவில்லை.

ஆட்டத்தையும் அவர்தான் எழுதினார். தனி ஆளாக. அதற்குப் பெயர் பாளையம்.

படம் கிடையாது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் போட்டிருப்பார். "நீ குகை வாசலில் நிற்கிறாய். உள்ளே இருட்டு. வடக்கே வழி." இப்படி வரும். என்ன செய்கிறாய் என்று நாம் தட்ட வேண்டும். அடையாறிலிருந்து ஒருவர், சென்டரில் உட்கார்ந்தபடி நாங்கள், எல்லோரும் போன் லைன் வழியாக ஒரே குகைக்குள் நிற்போம். சேர்ந்து போனால்தான் பிழைக்கலாம். தனியாகப் போனவன் செத்தான்.

நான் எட்டாவது வரை. இங்கிலீஷ் எழுத்து தெரியும், இங்கிலீஷ் தெரியாது. வேறு எந்த ஆட்டமும் எனக்கு ஆகாது. இது ஆனது. எந்த விரலில் எந்த எழுத்து என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டியதும் அவர்தான். அதை மறக்கவில்லை.

ஆளுக்கு ஒரு தொழில். நான் கேடயக்காரன். முன்னால் நிற்பேன். அடி வாங்குவேன். பேச வேண்டியதில்லை. எனக்குப் பொருத்தம். ஸ்டெல்லா மிஸ் வில். சலீமும் அடையாறும் வாள். தாமு ஒற்றன். பஞ்சு மாமா வைத்தியர். ஓனரும் வைத்தியர்தான். உள்ளே அவர் பெயர் கருடன். ஒவ்வொருவர் உயிரும் திரையில் ஒரு எண்ணாக நிற்கும். அடி விழுந்தால் குறையும். மருந்து வந்தால் ஏறும். என் உயிர் ஐநூறு.

பஞ்சு மாமாவுக்குத் திக்குவாய். லேசான திக்கல் இல்லை. ஒரு சொல் வெளியே வருவதற்குள் கழுத்து நரம்பு புடைத்துவிடும். கடையில் பேச மாட்டார். விரலால் காட்டுவார். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்து சீக்கிரமே ரிட்டையர் ஆனவர். அங்கேயும் பேசியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

கீபோர்டில் கை வைத்துவிட்டால் வேறு ஆள். தண்ணீர் மாதிரி வரும்.

"கேபிள், ரெண்டடி பின்னால வாங்கோ. மருந்து அரைச்சுண்டிருக்கேன். பிராணன விட்டுடாதேங்கோ, மறுபடி பிடிச்சு உள்ள போடறது கஷ்டம்."

"தாமு ஒளிஞ்சுண்டா எமனுக்கே தெரியாது. சம்பளம் குடுக்கற முதலாளிக்கு எங்க தெரியப்போறது?"

தாமு அதைப் படித்துவிட்டு சென்டரில் சீட்டைத் தட்டிச் சிரிப்பான். "மாமா, வெளிய வாயே தொறக்காம உள்ள இன்னா வாயி மாமா உனக்கு!" மாமா திரும்பிப் பார்க்காமல் முதுகாலேயே சிரிப்பார்.

வெளியில் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. உள்ளே ஆறு பேர் உயிர் அவர் கையில் இருந்தது. "மாமா எங்க?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்போம். மாமா வராமல் குகைக்குப் போக மாட்டோம். அந்த மனிதருக்கு உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

அவருடைய பிளாஸ்க்கில் காபி இருக்கும். எங்களுக்கும் ஊற்றித் தருவார். ஆளுக்குத் தனித் தம்ளர். எனக்கும் அதே காபி, அதே மாதிரித் தம்ளர். அவர் பிளாஸ்க் மூடியில் ஊற்றித் தூக்கிக் குடிப்பார், உதடு படாமல். ஒரு நாள் ஓனர் பின்னாலிருந்து கை நீட்டி அந்த மூடியை எடுத்தார்.

"மாமா, ஒரு வாய்."

உதடு வைத்து உறிஞ்சிவிட்டுத் திருப்பி வைத்தார். மூடி விளிம்பில் ஈரம். மாமா அதைப் பார்த்தார். எழுந்து போய் வாஷ்பேசினில் கொட்டினார். மூடியைக் கழுவினார், மறுபடி கழுவினார். அன்றிலிருந்து பிளாஸ்க் முழங்காலுக்கு நடுவே போய்விட்டது.

இன்னொன்றும் உண்டு. மாமா பேச வாயெடுத்தால் ஓனர் முடித்து வைப்பார். "நா... நா..." என்பார் மாமா. "நாளைக்கு வரேங்கிறார்" என்பார் ஓனர். மாமா சொல்ல வந்தது வேறாக இருக்கும். இல்லை என்று தலையை ஆட்டுவார். அதற்குள் ஓனர் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார். அந்த ஆள் வாயிலிருந்தும் ஒரு வாய்.

பாளையத்தில் இருபதாம் படிக்கு வந்தால் தொழிலில் கிளை பிரியும். மாமா மூலிகைக் கிளை. அது மெதுவான கிளை. காட்டுக்குப் போய்ப் பச்சிலை பறிக்க வேண்டும். அரைக்க வேண்டும். பூசிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயிர் ஏறும். ஆனால் ஏறினது நிற்கும்.

அந்த வருஷம் மழை முடிந்த சமயம். எங்கள் உயிர் ஒழுக ஆரம்பித்தது.

குகையில் சும்மா நிற்போம். எதிரி இல்லை. எண் குறையும். சொட்டு சொட்டாக. யார் அடித்தது என்று திரை சொல்லாது. சண்டையில் பாதியிலேயே தாமு விழுந்தான். சலீம் விழுந்தார். மாமா பூசப் பூச இறங்கிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் ஓனர் வருவார். ஒரு தட்டு. "கருடன் உனக்கு உயிர் தந்தார்" என்று திரையில் வரும். ஒரே தாவலில் ஐம்பது ஏறும்.

எல்லோரும் நன்றி என்று தட்டுவோம். ஆட்டத்தில் நன்றி வாங்கினால் புகழ் ஏறும். புகழ்ப் பலகையில் அதுவரை முதலில் இருந்தது மாமா. ஓனர் மேலே போனார். மாமா கீழே வந்தார்.

முதலில் தாமு சொன்னான். "மாமா கைராசி போச்சு மச்சி." பிறகு அடையாறு எழுதினார், மாமாவும் படிக்கிற இடத்தில். "மாமா இனி பின்னால் நிற்கட்டும். கருடன் போதும்."

மாமா மன்னிப்புக் கேட்டார். தினமும். "மன்னிக்கணும் கேபிள். இன்னிக்குப் போறலை. நாளைக்கு இன்னும் ரெண்டு கட்டு பறிச்சுண்டு வரேன்." மத்தியான வெயிலில் சென்டருக்கு வந்து, யாரும் இல்லாத ஆட்டத்தில் தனியாகப் பச்சிலை பறிப்பார். ஒவ்வொரு செடிக்கும் ஒரு வரி தட்ட வேண்டும். தட்டித் தட்டி விரல் நுனி சிவந்துவிடும். ஓனர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். எங்களிடம் சொன்னார்: "பாவம்பா. வயசாச்சு. கை தளர்ந்து பூடுச்சு."

திருஷ்டி என்றார் சலீம். ராயப்பேட்டையிலிருந்து எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கொண்டுவந்தார். தாமு நூலில் கோத்தான். ஸ்டெல்லா மிஸ் ஒரு சின்ன மாதா படத்தை மானிட்டருக்குப் பின்னால் சொருகினார். மாமா விபூதிப் பொட்டலம் எடுத்து கீபோர்டு ஓரத்தில் வைத்தார். போன் லைன் மாட்டிய மோடத்துக்கு மேலே, நூலைத் தொங்கவிட, நான் ஸ்டூலில் ஏறி ஆணி அடித்தேன். ஓனர் ஆணியைப் பிடித்துக்கொடுத்தார்.

"நல்லது நடக்கட்டும்" என்றார்.

மறுநாள் போனேன். நூலில் மிளகாய் மட்டும் தொங்கியது. ஓனர் யாரோ ஒரு கஸ்டமர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்த ஆள் கையில் சோடா. ஓனர் திருஷ்டி எலுமிச்சையை அதில் பிழிந்தார். விரலால் கலக்கினார்.

"ஒரு வாய்" என்றார்.

இதெல்லாம் ஆன பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. ஓனர் எழுந்து நின்று விளக்கினார். முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

புதுக் கிளைக்குப் பெயர் அமுதன். வைத்தியனில் மூன்றாவது கிளை. பச்சிலை வேண்டாம், அரைக்க வேண்டாம். தட்டினால் உடனே உயிர் தரலாம். அந்த உயிர் எங்கிருந்து வருகிறது? அதே அறையில் நிற்கிற கூட்டாளிகளிடமிருந்து. ஒவ்வொரு மூச்சுக்கும் ஆளுக்கு ஒரு உயிர் அமுதனிடம் போய்ச் சேரும். எடுத்தது திரையில் வராது. கொடுத்தது மட்டும் வரும்.

"ஒரு மாசமா ஓடிக்கினு கீது" என்றார். "கருடன் ஒரு மாசமா அமுதன்தான். யாராவது கண்டுபுடிச்சீங்களா? அதாம்பா டிசைனு!"

கீழே பாத்திரக்கடையில் எதையோ உருட்டினார்கள்.

தாமு மெதுவாகக் கேட்டான். "அப்போ மாமா மருந்து..."

"மருந்து கரெக்டா வேல செஞ்சுது. மாமா ஏத்த ஏத்த நான் எறக்கினேன். நீங்க மாமாவ திட்டினீங்க. எனக்கு நன்றி சொன்னீங்க. எப்படி?"

ஸ்டெல்லா மிஸ் கேட்டார். "எடுக்கறத ஏன் ஸ்கிரீன்ல காட்டலை?"

"காட்டினா எடுக்க விடுவீங்களா மிஸ்?"

"விட மாட்டோம்."

"அப்புறம்?"

சலீம் தலையைச் சொறிந்தார். "என் ஜேப்புலேந்து எடுத்து எனக்கே பக்ஷீஸ் தர்ற. நான் உனக்கு சலாம் போட்டுக்கினு நிக்கிறேன். இன்னா நைனா இது?"

"ஒரு உயிர்தான்பா. உன்கிட்ட எத்தினி கீது? நானூத்து சொச்சம். அதுல ஒண்ணு. வலிச்சுதா?"

"வலிக்கல."

"அவ்ளோதான்."

லைனில் அடையாறு எழுதினார். திரையைப் பார்த்து ஓனர் படித்தார். "கூட்டத்தில் ஆள் அதிகம் இருந்தால் அமுதனுக்கு வரவு அதிகம். தனியாக இருந்தால் ஒன்றும் இல்லை. நல்ல சமன்." ஓனர் கைதட்டினார். "படிச்ச மனுசன் பாரு. கரெக்டா புடிச்சாரு. அமுதனுக்குத் தானா உயிர் ஏறாதுபா. கூட ஆள் இருந்தாத்தான் பொழைப்பான். அதாவது, அவன் மக்களோட மனுசன்."

என் பக்கம் திரும்பினார். "கேபிள், நீ சொல்லு. நீதான முன்னால நிக்கிறவன்."

நான் யோசித்தேன். எனக்கு டிசைன் தெரியாது. என் உயிர் ஐநூறு என்று நம்பி நான் முன்னால் நின்றேன். எத்தனை அடி தாங்கும் என்று கணக்கு வைத்துத்தான் நிற்பேன். பின்னால் நிற்கிறவர்கள் அந்தக் கணக்கை நம்பித்தான் நிற்பார்கள். எதிரியிடம் அடிபட்டுச் செத்தால் அது ஆட்டம். முதுகுக்குப் பின்னால் உறிஞ்சப்பட்டுச் செத்தால் அது என்ன? அதுவும் உறிஞ்சினவனுக்கு நன்றி தட்டிவிட்டு. அந்த ஒரு மாசத்து நன்றியெல்லாம் என் விரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் அன்று எனக்குச் சொல்ல வரவில்லை.

"எச்சி" என்றேன்.

"இன்னாது?"

"எச்சி ஓனர். அவ்ளோதான்."

சிரித்தார். தோளில் தட்டினார். கோபம் வரவில்லை அவருக்கு. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பஞ்சு மாமா எழுந்து நின்றார். பிளாஸ்க்கைச் சீட்டில் வைத்தார். முகம் வெளுத்திருந்தது.

"நா... நா..."

"நானும் அமுதன் ஆவறேங்கிறார் மாமா" என்றார் ஓனர்.

மாமா இல்லை என்று தலையை ஆட்டினார். "இ... இ... இது..."

"இது நல்லாக் கீதாம்."

தாமு சிரித்துவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டான்.

மாமா உட்கார்ந்தார். கீபோர்டை இழுத்தார். தட்டினார். எல்லாத் திரையிலும் வந்தது, அடையாறுக்கும் சேர்த்து. ஸ்டெல்லா மிஸ் எனக்காக வாய்விட்டுப் படித்தார். நானே படித்திருப்பேன். ஆனாலும் அவர் படித்தது நல்லது.

"ஒரு மாசமா நான் தினம் எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுண்டு இருந்தேன். நீங்க பக்கத்து மேசையிலதான் இருந்தேள். என் கைமேல எனக்கே நம்பிக்கை போயிடுத்து. ஆத்துல சாதம் வடிக்கறச்சே கூடப் பதம் சரியான்னு மறுபடி மறுபடி பாத்தேன். டிசைன் எப்படின்னு கேக்கறேள். எடுக்கறவனுக்குத் தெரியறது. எடுபடறவனுக்குத் தெரியலை. அது ஒண்ணுதான் தப்பு. அத எடுத்துட்டா மிச்சம் ஒண்ணும் இல்லை."

கீழே இன்னொரு வரி வந்தது.

"என் பேர் எப்படிக் கெட்டுதுன்னு நீங்களே எல்லாருக்கும் சொல்லணும். ஆட்டத்துக்குள்ள, பலகையில எழுதணும்."

அவ்வளவுதான் அவர் கேட்டது. கிளையை எடு என்று கூடக் கேட்கவில்லை.

நாங்கள் ஓனரைப் பார்த்தோம். அவர் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், பாட்டுக் கச்சேரியில் ஆட்டுகிற மாதிரி.

"பாயின்ட்டு. மாமா சொல்றது பாயின்ட்டு. எழுதிடலாம் மாமா. இப்ப இன்னா அவசரம்?"

சொல்லிக்கொண்டே சீட்டிலிருந்த பிளாஸ்க்கை எடுத்தார். மூடியில் ஊற்றினார். உதட்டை வைத்தார். ஒரு வாய் உறிஞ்சினார். மூடியை மாமா பக்கம் நீட்டினார்.

மாமா அதை வாங்கவில்லை. பிளாஸ்க்கை மட்டும் எடுத்தார். மூடி இல்லாமலே அணைத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர் மாடிப்படியில் இறங்குகிற சத்தம் கேட்டது. ஸ்டெல்லா மிஸ் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

அப்போதுதான் தாமு கேட்டான். "ஓனரே, எனக்கும் அந்தக் கிளை வருமா?"

நான் தாமுவிடமிருந்து தள்ளி உட்கார்ந்தேன். ஓனரால் இல்லை. அவரிடம் வேறு எதிர்பார்த்ததில்லை.

"வரும்பா. எல்லாருக்கும் தொறந்து வுட்டுடறேன்" என்றார் ஓனர். சலீமும் மாறினார். வாளை விட்டு. கேட்டேன்.

"எல்லாரும் எடுக்கறப்போ நான் மட்டும் இன்னாத்துக்கு நைனா குடுத்துக்கினு நிக்கணும்?" என்றார்.

அடையாறும் மாறினார். அடுத்த வாரம் குகைக்குப் போனோம். நாலு அமுதன், ஒரு கேடயம். ஒவ்வொரு அமுதனும் மற்ற மூன்று பேரிடம் ஒன்று ஒன்று எடுத்தான். மூன்று வந்தது, மூன்று போனது. அவர்களுக்குள் எடுத்ததில் யாருக்கும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனாலும் ஒருவருக்கு ஒருவர் உயிர் தந்துகொண்டார்கள். நன்றி நன்றி என்று தட்டிக்கொண்டார்கள். திரை முழுக்க நன்றி ஓடியது. வாள் வீச ஆள் இல்லை. வில் இல்லை. நாலு பேரும் என்னிடமிருந்து எடுத்தார்கள். எனக்கு மட்டும்தான் குறைந்தது. எதிரி வருவதற்கு முன்பே நான் விழுந்தேன். முன்னால் நிற்க ஆள் இல்லாததால் எதிரி வந்ததும் அவர்களும் விழுந்தார்கள்.

நான் கேடயத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். இன்னொரு கேடயக்காரன் வந்தான். அவனும் போனான். ஸ்டெல்லா மிஸ் தவக்காலம் என்று சொன்னார். தவக்காலம் முடிந்தும் வரவில்லை. தாமு, உறிஞ்ச ஆள் இல்லாத ஆட்டம் போர் அடிக்கிறது என்றான். சலீம் கடையில் வேலை என்றார். அடையாறு லைனில் வருவது நின்றது. அவர் யார் என்று கடைசிவரை தெரியாது.

பலகையில் ஓனர் எழுதவில்லை. மாமா பெயர் அங்கே அடியில்தான் இருந்தது. புகழ் இறங்கினவர்கள் பட்டியலில்.

வெயில் ஏறின மாசம் குளத்தின் வடக்குக் கரையில் மாமாவைப் பார்த்தேன். கையில் கீரைக்கட்டு. நின்றார். ஏதோ கேட்க வந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. நான் அவசரப்படவில்லை. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அதற்கும் நகரவில்லை. மாமா முடிக்கிறவரை நின்றேன்.

"ப... ப... பலகையில... எ... எழுதினாரா?"

"பாத்துட்டு வரேன் மாமா" என்றேன்.

உண்மை எனக்குத் தெரியும். ஆனாலும் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒருவேளை எழுதியிருக்கலாம்.

மாடி ஏறினேன். சென்டரில் பாதி மெஷினுக்குத் துணி போர்த்தியிருந்தது. மிளகாய் காய்ந்து கறுத்து ஆணியிலேயே தொங்கியது. ஓனர் அவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மேசையில் மாமாவின் பிளாஸ்க் மூடி. உள்ளே சிகரெட் சாம்பல்.

"கேபிள்! வா வா." நாற்காலியோடு திரும்பினார். முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல நேரத்துல வந்த. கருடனுக்கு உயிர் எறங்கிக் கெடக்குது. தானா ஏற மாட்டேங்குது. நீ ஒண்ணும் செய்ய வாணாம்பா. உள்ள வந்து பக்கத்துல சும்மா நில்லு. போதும்."

"பலகையில எழுதினியா?"

"இன்னாது?"

"மாமா விஷயம்."

"எழுதிடலாம்பா. யார் கீறாங்க படிக்க? மொதல்ல நீ உள்ள வா. ஒண்ணே ஒண்ணு. ஒரு உயிர்தான்."

பக்கத்து மெஷினைப் போட்டேன். மோடம் கத்தி ஓய்ந்தது. பாளையத்தின் வாசல் வந்தது. பெயரைத் தட்டும் முன்னால் அந்தத் திரையில் எப்போதும் ஒரு வரி வரும், உள்ளே எத்தனை பேர் என்று. ஓனர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவர் மூச்சு என் காதில் பட்டது. நான் பெயரைத் தட்டவில்லை. மாமாவிடம் போய்ச் சொல்வதற்காக அந்த வரியை மட்டும் படித்தேன்.

உள்ளே இருப்பவர்: 1